பிக்ஸ்ஹாக்கில் ராஸ்பெர்ரி பை-யையும் லிடாரையும் இணைத்தேன். இரண்டிலுமே டேட்டா வரவில்லை, ஏன்?

கேள்வி: ட்ரோனைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் போர்டில் ஆர்டுபைலட் 4.5 மென்பொருள் ஓடுகிறது. டெலிம்2 போர்ட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, ஜிபிஎஸ்2 போர்ட்டில் டிஎஃப்மினி லிடார் (ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்). பை-க்கு ஒரு பைட்கூட வரவில்லை. லிடார் உயரம் 0 என்றே நிற்கிறது. வயரிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: லிடார் விஷயம் சட்டென்று முடிந்துவிடும், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஆர்டுபைலட்டில் சீரியல் கருவி எதுவானாலும் இரண்டு இடத்தில் சொல்லியாக வேண்டும். இந்த போர்ட்டில் என்ன புரோட்டோகால் (டேட்டா பேசும் முறை), என்ன வேகம் (பாட் ரேட்) என்பது ஒன்று. இன்ன மாடல் கருவி மாட்டியிருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்வது இன்னொன்று. மாணவர்களின் ட்ரோன் மேசைக்கு வரும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பாதி ட்ரோன்களில் ஒன்று மட்டுமே செய்யப்பட்டிருக்கும்.

உங்கள் ஜிபிஎஸ்2, ஆர்டுபைலட்டின் கணக்கில் சீரியல்4. நீங்கள் மாற்றாதவரை அதன் புரோட்டோகால் 5, அதாவது ஜிபிஎஸ். லிடார் பாட்டுக்கு விநாடிக்கு 100 தடவை தூரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும், அதைப் படிக்க அந்தப் பக்கம் ஆள் இருக்காது. சீரியல்4 புரோட்டோகாலை 9 ஆக்குங்கள், அது ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் அளக்கும் கருவி. பாட் ரேட்டில் 115 என்று போடுங்கள், அது 115200-ஐக் குறிக்கும். பிறகு ரேஞ்ச்ஃபைண்டர்1 டைப்பில் 20, தரையைப் பார்த்து மாட்டியிருந்தால் ஓரியன்டேஷனில் 25. எழுதிவிட்டு போர்டை ரீபூட் செய்யுங்கள். சீரியல் அமைப்புகள் ரீபூட் ஆன பிறகுதான் அமலுக்கு வரும். இது தெரியாமல் சரியான மதிப்பைப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று மறுபடி மாற்றிவிடுபவர்கள் நிறைய.

போர்ட் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போர்டு மேல் அச்சடித்திருக்கும் எண்ணும் ஆர்டுபைலட்டின் சீரியல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பிக்ஸ்ஹாக்கில் டெலிம்1, டெலிம்2, ஜிபிஎஸ்1, ஜிபிஎஸ்2 ஆகியவை முறையே சீரியல்1 முதல் 4 வரை. யுஎஸ்பி எப்போதும் சீரியல்0. ஆனால் மாடெக் எச்743 என்ற போர்டில், சிப்பின் சீரியல் போர்ட்டுகளான யுஆர்ட்டுகளில் யுஆர்ட்7-தான் சீரியல்1, யுஆர்ட்1 சீரியல்2. நாளைக்கு வேறு போர்டு வாங்கினால் அதன் பக்கத்தில் உள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டு சாலிடரிங் அயர்னை எடுங்கள்.

இனி பை. இங்கே உங்கள் கேள்வியிலேயே நல்ல துப்பு இருக்கிறது: ‘ஒரு பைட்கூட வரவில்லை’. பாட் ரேட் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் குப்பையாவது வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் வயர், போர்ட், ஃப்ளோ கன்ட்ரோல் (எதிர்ப்பக்கம் தயாரா என்று பார்த்து அனுப்பும் முறை) மூன்றில் ஒன்றைத்தான் நான் சந்தேகிப்பேன். டெலிம்2-இல் அனுப்பும் டிஎக்ஸ், வாங்கும் ஆர்எக்ஸ் தவிர, ஃப்ளோ கன்ட்ரோலுக்கான சிடிஎஸ், ஆர்டிஎஸ் பின்களும் உண்டு. நீங்கள் டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என்று மூன்று வயர் மட்டும் இழுத்திருப்பீர்கள். ஃப்ளோ கன்ட்ரோலை 1 என்று வைத்திருந்தால், எதிர்ப்பக்கம் ‘அனுப்பு’ என்று சொல்லும்வரை போர்ட் காத்துக்கொண்டே கிடக்கும். சீரியல்2-க்கான ஆர்டிஎஸ்-சிடிஎஸ் அமைப்பை 0 ஆக்குங்கள். புரோட்டோகால் 2, அது ட்ரோன்கள் பேசும் மேவ்லிங்க்2. பாட் 921.

பை பக்கம், அதன் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் போர்ட்டை ஆன் செய்து, அதன் வழியாக லாகின் ஷெல் வருவதை ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸ் கன்சோலும் மேவ்லிங்க்கும் ஒரே வயரில் மோதும். இன்னொன்று, பை 4-இல் நல்ல யுஆர்ட்டை ப்ளூடூத் எடுத்துக்கொள்கிறது. பின் 8, 10-க்கு வருவது மினி யுஆர்ட், அதன் வேகம் சிப்பின் கோர் கிளாக்கைச் சார்ந்தது. 921600-இல் அதை நம்ப எனக்கு மனம் வராது. கான்ஃபிக் கோப்பில் ப்ளூடூத்தை முடக்கும் ஓவர்லேயைச் சேர்த்துவிட்டால் நல்ல யுஆர்ட் பின்களுக்கு வந்துவிடும். பை-க்கான கரன்ட்டை டெலிம் போர்ட்டின் 5 வோல்ட்டிலிருந்து தயவுசெய்து எடுக்காதீர்கள். தனி பிஇசி (பேட்டரி வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சாதனம்) போடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள்.

அப்படியும் மௌனமா? சீரியல் வயரைக் கணினியின் யுஎஸ்பி-யில் மாட்ட உதவும் 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்றை எடுத்து, அதன் ஆர்எக்ஸையும் கிரவுண்டையும் மட்டும் இணைத்து, வயரில் ஓடும் பைட்டுகளை ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) பாருங்கள். டிஎஃப்மினி உயிரோடு இருந்தால் 9 பைட்டுக்கு ஒரு தடவை 59 59 என்று தலை காட்டும். அடுத்த இரண்டு பைட்டுகள் சென்டிமீட்டரில் தூரம், கீழ் பைட் முதலில். கையை லிடார் முன்னால் ஆட்டினால் அவை மாறுவது கண்ணெதிரே தெரியும். டெலிம்2-இல் மேவ்லிங்க்2 ஓடினால் ஒவ்வொரு பாக்கெட்டும் எஃப்டி என்று ஆரம்பிக்கும். எஃப்ஈ தெரிந்தால் அது மேவ்லிங்க்1. அளவுருக்களை மணிக்கணக்கில் மாற்றிப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை எனக்கு எப்போதும் சீக்கிரம் பதில் தந்திருக்கிறது.

‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் ஹார்ட்பீட் மெசேஜ் மட்டும் பை-க்கு வந்து, ட்ரோனின் சாய்வு கோணங்கள் வராமல் இருந்தால் வயரில் குறையில்லை, நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம். மேவ்லிங்க் கட்டளை 511 அனுப்பி, எந்த மெசேஜ் என்ன இடைவெளியில் வேண்டும் என்று கேளுங்கள். 57600-இல் விநாடிக்கு 5760 பைட்டுதான் போகும். சாய்வு கோணங்களைத் தரும் ஆட்டிட்யூட் மெசேஜ் ஒன்றுக்கு ஏறக்குறைய 40 பைட். அதை 50 ஹெர்ட்ஸில் கேட்டாலே 2000 பைட் போய்விடும். 921-ஐ நான் சொல்வது அதனால்தான்.

ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, கணினியில் ட்ரோனைக் கண்காணிக்கும் மிஷன் பிளானரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில், லிடார் அளக்கும் தூரமான சோனார்ரேஞ்ச் மதிப்பைப் பார்த்தபடி ட்ரோனைக் கையால் தூக்கி இறக்குங்கள். எண் சீராக ஏறி இறங்காதவரை அந்த லிடாரை நம்பித் தரையிறக்காதீர்கள். இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால், ஹெக்ஸில் தெரிந்த முதல் சில பைட்டுகளையும் சீரியல்2, சீரியல்4 அமைப்புகளையும் கமென்டில் போடுங்கள், பார்க்கிறேன்.