முகம் தெரியும், பெயர் தெரியாது

வணக்கம் ஐயா,

உங்களைத் தொலைக்காட்சியில் பார்க்காத வாரமே இல்லை. டாக்டர், நீதிபதி, கல்யாணப் பெண்ணின் பெரியப்பா என்று வந்து போகிறீர்கள். பெயரை இப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன், மன்னிக்கவும். கார்ட்டூனில் வரும் அந்தக் கிழட்டு ஆமையின் குரலும் உங்களுடையது என்று தெரிந்ததும் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. இவ்வளவு நன்றாக நடிப்பவர் முகத்தை மறைத்துக்கொண்டு அந்த வேலைக்கு ஏன் போக வேண்டும்? நான் நான்கு வருடமாக மேடை நாடகத்தில் நடிக்கிறேன். டப்பிங் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் அதிலேயே அமுங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அன்புள்ள தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? போன மாதம் ஒருவர் என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு "சார், நீங்க பேங்க்ல இருந்தீங்கதானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவ்வளவு யோசித்திருக்கிறார்.

நீங்கள் பார்த்த அந்த டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு நாள் வேலை. செட்டில் மற்ற எல்லோரும் மாதக்கணக்கில் ஒன்றாக இருந்து ஒரு குடும்பம் மாதிரி ஆகியிருப்பார்கள், நான் காலையில் போய் கோட்டை மாட்டிக்கொண்டு நாலு வரி பேசிவிட்டு வர வேண்டும். "ரிப்போர்ட் வந்துடுச்சு, உட்காருங்க." 'வந்துடுச்சு' என்னும்போது கண்ணாடியைக் கழற்றுவேன். வைட் ஷாட்டில் அந்தச் சொல்லில் கழற்றினால் குளோசப்பிலும் அதே சொல்லில், அதே கையால் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டருக்கு ஒட்டாது. இதில் நான் கெட்டிக்காரன். இருபது வருடம் இதைத்தான் நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி, புருவம், தொண்டையைச் செருமுவது, இவ்வளவுதான் என் சரக்கு.

அப்புறம்தான் குரல் வேலை வந்தது. முதல் நாள் கொடுத்தது வசனமே இல்லாத ஒரு இடம்: வயசானவர் ஒருவர் மாடிப்படி ஏறி வருகிறார், மூச்சு மட்டும் போதும். நானும் இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர், என் மகன் வயசுப் பையன், "சார், மூச்சு நடிக்குது" என்றார். சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஏறினேன். பதினைந்தாவது படியில் வந்த மூச்சைத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாரும் பார்க்காத ஒரு அறையில் உடம்பு முழுவதும் நடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

டப்பிங்கில் இன்னொரு கஷ்டம் உதடு. திரையில் இருப்பவர் உதட்டை மூடும்போது உங்கள் வசனத்தில் ப, ம மாதிரி ஒரு எழுத்து விழ வேண்டும், வாய் திறந்திருக்கும்போது விழக்கூடாது. உதடு ஒட்டாமல் பாட்டுக் கட்டி நிரோட்டகம் என்று நம் புலவர்கள் காட்டிய வித்தை, டப்பிங் வசனம் எழுதுகிறவருக்கு அன்றாடப் பிழைப்பு. அதை மூச்சு பிசகாமல் பேசுவது நம் பாடு.

கார்ட்டூனில் பெரும்பாலும் இது தலைகீழ். குரலை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்குத் தகுந்தபடி வாயை வரைவார்கள். அந்த ஆமை கொட்டாவி விடுவது என் கொட்டாவி. முகத்தை மறைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸைத் தெரிந்திருக்கும். சின்ன வயதில் திக்குவாய், பல வருடம் பேசவே மறுத்தவர். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் நின்றவர் டேவிட் புரோஸ், குரல் ஜோன்ஸுடையது. அன்று டைட்டிலில் அவர் பெயர் இல்லை. இங்கே நடிகர் மோகனுக்குப் படம் படமாக எஸ். என். சுரேந்தர் பேசினார், நாம் மோகனே பேசுவதாக நினைத்து உருகினோம். இவர்கள் அமுங்கிப்போனவர்களா? பெயர் போடாமல் விடுகிறார்களே, அது அநியாயம்தான், அதற்குச் சண்டை போடலாம். வேலையின் தரம் வேறு விஷயம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். மேடைக்காரர் என்பதால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பேசுவீர்கள், மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, அதற்கு ரகசியம் சொன்னால் போதும். அலறல், சண்டைக் காட்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், தொண்டை போய்விட்டால் மிச்ச வசனம் பேச முடியாது. ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். உங்கள் குரலை வைத்துக் கணினியில் இன்னொரு குரல் செய்துகொள்ளலாம் என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 2023இல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தச் சங்கதியும் ஒரு காரணம்.

அப்புறம், பாக்கெட்டில் சாவிக்கொத்து வைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். நான் போனேன். மூன்று டேக் வீணானது.