சும்மா கிடைக்கும் மென்பொருளா, காசு கொடுத்து வாங்குவதா?

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் 9,000 புத்தகங்கள். பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறோம். மதுரைக் கம்பெனி ஒன்று 90,000 ரூபாய், வருடப் பராமரிப்பு 15,000 தனி என்கிறது. என் மருமகனோ ‘கோஹா’ என்ற நூலக மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும் என்கிறார். இலவசம் என்றதும் நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு ஆசை, மீதிப் பேருக்குச் சந்தேகம். எதை எடுக்க?
— வாசகர், கீழக்கரை

பதில்: சரக்கின் மேல் சந்தேகம் வேண்டாம். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா பகுதி நூலகங்களின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற பயத்தில், 1999இல் எழுதப்பட்டது கோஹா. அடுத்த ஜனவரியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. இன்று உலகம் முழுக்கப் பல நூலகங்களில் ஓடுகிறது.

ஆனால் வள்ளம் சும்மா கிடைத்தாலும் டீசல் நாம்தானே போட வேண்டும்? கோஹா ஓடுவது விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில். நின்றுபோனால் வந்து பார்க்க ஆள் வேண்டும். மருமகன் ஊரில் இருக்கிறாரா, துபாயிலா? லீவில் வந்து நிறுவிவிட்டு விமானம் ஏறிவிட்டால், அடுத்த லீவு வரை நோட்டுதான். கோஹாவை நிறுவி, பராமரித்துத் தர மட்டும் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் விலை கேளுங்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

விலையைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும்: “நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனால், எங்கள் பதிவுகளை மார்க் 21 வடிவில், யூனிகோடு தமிழில் எடுத்துத் தருவீர்களா?” மார்க் 21 என்பது நூலக மென்பொருள்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்; யூனிகோடு எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை. பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு நூலகத்தின் பழைய மென்பொருளை மாற்ற உதவப் போனேன். தலைப்புகளையெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைக்கும் எழுத்துரு அது, யூனிகோடு அல்ல. விற்றவர் போனையே எடுக்கவில்லை. எப்படியோ பதிவுகளை வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டால் தமிழ் சரியாக வந்தது. ஆனால் ஒரே கட்டத்தில் தமிழோடு கலந்திருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று நினைத்துக் குதறிவிட்டது. மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தினோம்.

உங்கள் ஊர் நூலகத்தில், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் இருக்குமே? அதே தலைப்பை இன்னொரு எழுத்திலும் பதிய மார்க்கில் 880 என்ற புலம் இருக்கிறது. கம்பெனிக்காரர் முன்னால் பத்துப் புத்தகத்தைப் பதிந்து, தேடிக் காட்டச் சொல்லுங்கள். முழிக்கிறாரா என்று பாருங்கள்.

அப்புறம், எந்த மென்பொருள் எடுத்தாலும் பெரிய செலவு தட்டச்சுதான். ஒருவர் நாளைக்கு 60 புத்தகம் பதிந்தாலும் 150 வேலை நாள். ஆங்கிலப் புத்தகங்களின் விவரங்களைக் கோஹாவில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். தமிழ் நூல்களுக்குப் பெரும்பாலும் கையால்தான்.

நானாக இருந்தால் கோஹா எடுத்து, அந்த 90,000 ரூபாயைத் தட்டச்சுக்கும் பராமரிப்பு ஆளுக்கும் ஒரு நல்ல யூபிஎஸ்ஸுக்கும் பிரித்துவிடுவேன். பராமரிக்க ஆள் அமையாவிட்டால் கம்பெனியே மேல், அந்த மார்க் 21 கடிதத்தோடு.

கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்று உள்ளிருக்கும் போர்டை அரித்துவிடும். முறையாக நிறுவிய கோஹா தினமும் நகல் எடுத்துவிடும். ஆனால் அந்த நகலும் அதே பெட்டிக்குள்தான் கிடக்கும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்துச் செயலாளர் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் படிப்பகத்தில் 400 புத்தகம்தான். எங்களுக்கு எது சரி?
— வாசகர், தொண்டி

பதில்: எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும், யூனிகோடில் அடியுங்கள். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்குங்கள்.