முதல் நாளே கோணமானி வேண்டாம்

வணக்கம். கற்றல் குறைபாடு உள்ள நான்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளி எதிரொளிப்பு நடத்துகிறேன். 30 பாகை படுகோணத்தில் வந்த எதிரொளிப்புக் கோணத்தை அளக்கச் சொன்னால் ஒருவன் 60 என்கிறான், ஒருத்தி 150 என்கிறாள். ‘படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்’ என்ற விதியைப் பத்து முறை சொல்லியாயிற்று. வேறு வழி உண்டா?
— ஒரு சிறப்புப் பயிற்றுநர்

அன்புள்ள பயிற்றுநருக்கு,

இருவருக்கும் சிக்கல் ஒளியில் இல்லை. அவன் குத்துக்கோட்டை, அதாவது ஒளி படும் இடத்தில் கண்ணாடிக்குச் செங்குத்தாக வரையும் கோட்டை, விட்டுக் கண்ணாடியிலிருந்து அளந்திருக்கிறான். அவள் கோணமானியின் இன்னொரு வரிசை எண்ணைப் படித்திருக்கிறாள். பதினோராவது முறை சொன்னாலும் இது தீராது.

ஏ4 தாளை இரண்டாக மடித்து விரியுங்கள். மடிப்புதான் குத்துக்கோடு, விரலால் தடவிப் பார்க்கட்டும். மடிப்பு முடியும் ஓரத்தில் சிறு கண்ணாடியை நிறுத்துங்கள். ரசம் பூசிய பின்பக்கம் தாளின் ஓரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடி சாய்ந்தால் கதிர் தாளைவிட்டு எழும்பிவிடும்; ஒரு மரக்கட்டையில் ஒட்டிவிடுங்கள்.

கறுப்பு அட்டையில் 1 மி.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்துக்குப் பிளவு வெட்டுங்கள். பிளவு அடிவிளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குவது: நடுவில் வெட்டினால் கோடு அட்டையிலிருந்து தள்ளித்தான் விழும், சில சமயம் விழவே விழாது. அட்டையைத் தாளின் மேல் நிறுத்துங்கள்; அதற்கு 15 செ.மீ. பின்னால், சற்று உயரத்தில் கைபேசி டார்ச். சீப்பை வைத்துப் பல கதிர் காட்டாதீர்கள், எது எதனுடையது என்று குழம்பும். லேசர் வேண்டவே வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. அறையை இருட்டாக்கினால் சில பிள்ளைகள் மிரளும். அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து அதற்குள் செய்தால் போதும்.

ஒளி மடிப்பின் முனையில் பட வேண்டும். கோட்டின் மேலேயே வரையச் சொன்னால் கை நிழல் மறைக்கும். ஒவ்வொரு கதிரிலும் இரண்டு புள்ளி வைத்து, விளக்கை அணைத்தபின் ஸ்கேலால் சேர்க்கட்டும். வரும் கதிர் தடித்த கோடு, போகும் கதிர் விட்டுவிட்டு. பிறகு தாளை மடித்து ஜன்னலில் பிடித்தால் இரு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படியும். படியாவிட்டால் கண்ணாடி திரும்பியிருக்கிறது. வரும் கதிருக்குப் ‘படுகதிர்’ என்ற சொல்லை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.

அளக்கும்போது கோணமானிக்குப் பதில் கால்வட்ட அட்டை செய்யுங்கள். 0 முதல் 90 வரை ஒரே வரிசை, இரு பக்கமும் எழுதியது, திருப்பிப் போட்டும் அளக்க. 0 விளிம்பில் சிவப்பு, மடிப்பிலும் சிவப்பு. சிவப்பின் மேல் சிவப்பை வைத்தால் 60 வராது, 150 அட்டையிலேயே இல்லை.