நகராட்சி ஆணையர் எல்லா கவுன்சிலர்களுக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? தலைவரிடம் சொன்னால் போதாதா?

போதாது.

2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்து வந்த நகராட்சி கவுன்சிலர் நான். ஊர், கட்சி எதையும் சொல்ல விரும்பவில்லை. கேள்வியைப் படித்தால் நீங்கள் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்று தோன்றுகிறது. 27 பேருக்குச் சொன்னால் 27 பேரும் கேள்வி கேட்பார்கள், தலைவர் ஒருவரிடம் சொன்னால் வேலை முடிந்தது என்ற அலுப்பு அதில் தெரிகிறது. உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு ஆணையர்களைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நாங்கள் மார்ச் 2ஆம் தேதி பதவியேற்றோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1ஆம் தேதி சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. எனக்கே டிவியைப் பார்த்துத்தான் தெரியும். மறுநாள் காலை வாசலில் ஆட்கள். "ஓட்டு வாங்கிட்டுப் போன கையோட வரியை ஏத்திட்டீங்களே" என்கிறார்கள். அறிவித்தது மாநில அரசு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதிருந்த ஆணையர் இரண்டே நாளில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பினார். அடியில் பச்சை மையில் கையெழுத்து. குடியிருப்பு 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கீழே ஒரு கணக்கும் போட்டிருந்தார்: அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டும் சின்ன வீட்டுக்கு இனி 500. ஆட்சேபணை இருந்தால் எப்படி எழுதிக் கொடுப்பது என்று இரண்டு வரி. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை எல்லோருக்கும் அதே தாள், அதே நாள். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். திட்டத்தான் செய்தார்கள். ஆனால் பழைய ரசீதை எடுத்து வந்து, தங்கள் வீட்டு அளவு என்ன என்று பார்த்துவிட்டுத் திட்டினார்கள். என் வார்டில் முக்கால்வாசி 600 அடிக்குள் அடங்கும் ஓட்டு வீடுகள். வரி ஒரேயடியாக இரண்டு மடங்கு என்று பயந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தாள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நேரில் பார்த்தேன்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் கெட்டவர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவலைத் தலைவரிடம் சொல்வார், அலுவலகத்தில் இருந்து உறுப்பினர்களுக்குப் போன் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குத் தெருக்குழாயடியில் நாற்பது குடம் வரிசையில் நிற்கிறது. தண்ணீர் வரவில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மெயின் பைப்பில் வேலை, மூன்று நாளைக்கு சப்ளை கிடையாதாம். அது எனக்குத் தெரியாது. வரிசையில் முதலில் நின்ற பாட்டி என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, உனக்கே தெரியாதா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பாவப்பட்டுக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை.

நகராட்சிக் குழாய் ஃபிட்டருக்குப் போன் போட்டேன்.

"சாருக்கு நேத்தே சொல்லிட்டாங்களேம்மா."

"எந்த சாருக்கு?"

"உங்க வீட்டு சாருக்குத்தாம்மா."

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். அன்று ஈரோட்டில் இருந்தார். யாரோ ஆபீசில் இருந்து பேசினார்கள், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜெயித்தது நான், பதவிப் பிரமாணம் எடுத்தது நான், தகவலை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே அலுவலகத்துக்குப் போய், உறுப்பினர்களின் போன் நம்பர் எழுதி வைத்திருக்கும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வார்டு எண், என் பெயர், அதற்கு நேராக என் வீட்டுக்காரர் நம்பர். அடுத்த பக்கத்தையும் புரட்டினேன். பெண் உறுப்பினர்கள் 14 பேரில் 11 பேருக்கு இதே கதை. கணவர் நம்பர், மகன் நம்பர், ஒருவருக்கு மைத்துனர் நம்பர். பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நோட்டில் எங்களுக்கு மூன்று இடம்தான் இருந்தது.

"கணவர் பெயரைச் சொல்லித்தானே ஓட்டு கேட்டீர்கள்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். சிலர் அப்படி வந்திருக்கலாம். அவர்களையும் பழக்கினால் பழகுவார்கள். ஆணையர் கூப்பிட்டுப் பேசாத வரை எந்தப் பெண் கவுன்சிலரும் கேள்வி கேட்கப் பழக மாட்டாள்.

மன்றக் கூட்டத்திலும் இதே நிலைமைதான். முந்தின நாள் சாயந்தரம் அஜெண்டா வரும், 58 பொருள். அதில் பாதி 'பின்னேற்பு', அதாவது வேலையை முடித்துவிட்டு அப்புறம் எங்கள் ஒப்புதலைக் கேட்பது. பைப் உடைந்தால் மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது, சரி. ஆனால் செய்த அன்றே ஒரு வரி அனுப்பியிருக்கலாமே? ராத்திரி அடுப்படி வேலை முடித்துவிட்டு 58 அலுவலகக் குறிப்பையும் படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். படிக்காதவர்கள் 'ஆல் பாஸ்' என்று மேசையைத் தட்டுவார்கள். படித்துவிட்டு வந்து ஒன்றைக் கேட்டால் அபிவிருத்திக்கு எதிரி என்பார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கவுன்சிலர் என்றாலே சம்பாதிக்க வந்தவர் என்று பேசுகிறார்கள். நகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் 2023 ஜூலையில் இருந்துதான். வார்டில் உட்கார ஒரு அறை கிடையாது. காலை ஆறு மணிக்கு மனு கொண்டு வருகிறவர்கள் என் வீட்டுத் திண்ணையில்தான் உட்காருகிறார்கள், டீயும் நான்தான் போடுகிறேன். ஜெராக்ஸ் செலவு என் பணம். கமிஷன் வாங்குகிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நோட்டில் என் நம்பரை நானே நின்று மாற்றி எழுத வைத்தேன். மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன், ஆறு பேர் போய் மாற்றினார்கள். அடுத்த முறை மேல்நிலைத் தொட்டியைக் கழுவியபோது முந்தின நாள் மாலை ஆறே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. எட்டு மணிக்குள் நான்கு தெருவுக்கும் சொல்லிவிட்டேன், அந்தப் பாட்டி வீட்டுக்கு முதலில் போனேன்.

நீங்கள் அலுவலகத்தில் இருப்பவர் என்றால், நாளைக்குப் போனதும் உங்கள் மன்றப் பிரிவில் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பெண் உறுப்பினர் பெயருக்கு நேராகவும் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போடுங்கள். யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.