வெயிலில் வேலை செய்யும் அப்பாவுக்குச் சிறுநீர் குறைகிறது: கிட்னி பழுதா?

நண்பரே, சென்ட்ரிங் வேலைக்குப் போகும் அப்பா மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தும் பகலில் இரண்டு தடவைதான் சிறுநீர் கழிக்கிறார், அதுவும் அடர் மஞ்சளாக, கிட்னி வடிகட்டவில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், அது தன் வேலையைச் செய்வதாகத்தான் தெரிகிறது.

இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் ரத்தமே ஐந்து லிட்டர்தான். அதுவே திரும்பத் திரும்பப் போய் வருகிறது. வடித்ததில் 99 சதவீதம் மறுபடி ரத்தத்துக்கே போய்விடும். மிச்சம்தான் சிறுநீர். வியர்த்துக் கொட்டினால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடும். மூளை அதைக் கண்டுகொண்டு ஏடிஎச் என்ற ஹார்மோனை விடும். உடனே சிறுநீரகம் இன்னும் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கழிவை மட்டும் கெட்டியாக வெளியேற்றும். மாலையில் அப்பாவின் சட்டை முதுகைப் பாருங்கள், உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். குடித்த தண்ணீர் போன வழி அதுதான். வேலையில்லாத நாளில் நிறம் வெளுக்கிறதா என்றும் கவனியுங்கள்.

எனக்குப் பயம் அவர் முதுகுவலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோபினாக் மாத்திரைதான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அப்புறம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தள்ளிப்போட வேண்டாம்.