டால்ஸ்டாய் படித்த தஸ்தயேவ்ஸ்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

டால்ஸ்டாய் தஸ்தயேவ்ஸ்கியை நேசிப்பதாகக் கடிதத்தில் எழுதியதை ஓர் உரையில் குறிப்பிட்டீர்கள். ஆனால் டால்ஸ்டாயின் கடைசிக்கால நாட்குறிப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவல் பற்றிக் குறைகளே கண்ணில் படுகின்றன. அந்த அன்பு வெறும் உபசார வார்த்தைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உபசாரம் என்றால் ஊரறியச் சொல்லியிருப்பார். 1880 செப்டம்பரில் அவர் அதை எழுதியது, இருவருக்கும் நண்பரான விமர்சகர் ஸ்திராகவுக்கு. உடல்நலம் குன்றியிருந்தபோது தஸ்தயேவ்ஸ்கியின் சிறை வாழ்க்கை நூலான ‘மரண வீட்டின் குறிப்புகள்’ஐ மறுபடி படித்திருக்கிறார். கவிஞர் புஷ்கினையும் சேர்த்து நவீன இலக்கியம் முழுவதிலும் இதைவிடச் சிறந்த நூலைத் தான் அறியவில்லை என்கிறார். தஸ்தயேவ்ஸ்கியைப் பார்த்தால் தன் நேசத்தைச் சொல்லும்படி கேட்கிறார்.

ஸ்திராகவ் கடிதத்தையே காட்டிவிட்டார். தஸ்தயேவ்ஸ்கிக்குப் பெருமகிழ்ச்சி, அந்தத் தாளைத் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். கூடவே, புஷ்கினைத் தாழ்த்தியதில் சிறு மனத்தாங்கல். அந்த ஜூன் மாதம்தான் மாஸ்கோவில் புஷ்கின் சிலைத் திறப்பையொட்டி அந்தப் புகழ்பெற்ற உரையை ஆற்றியிருந்தார். தன்னை உச்சத்தில் வைக்கும் வரியைப் படிக்கும்போதும் தன் ஆசானுக்காக வருந்திய அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்தமானது. சில மாதங்களில், 1881 தொடக்கத்தில் அவர் இறந்தார். இருவரும் சந்திக்கவே இல்லை.

இனி நாட்குறிப்பு. 1910 அக்டோபரில், 82 வயதில், டால்ஸ்டாய் கரமசோவைப் படிக்கிறார். உரையாடல்கள் இயல்பாக இல்லை, வேடிக்கைகள் வளவளவென்று நீள்கின்றன என்று கடிந்துகொள்கிறார். அதே நாவலில் மத விசாரணைத் தலைவர் வரும் பகுதியையும் துறவி சோசிமாவின் விடைபெறலையும் தனியாக எடுத்துச் சொல்கிறார். இதில் முரண் ஏதும் எனக்குத் தெரியவில்லை. விமர்சகரால் ஒரு குறையைக் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிட முடியும். நாவலாசிரியனுக்கு அந்த இடத்தில் கை துறுதுறுக்கும். நானாக இருந்தால் இந்தப் பாத்திரத்தை இப்படிப் பேசவிடமாட்டேன் என்று பக்கத்துக்குப் பக்கம் சண்டை நடக்கும். ஒவ்வொருவரையும் அவரவர் குரலில் பேசவைத்த டால்ஸ்டாயின் காதுக்கு, எல்லோரும் காய்ச்சல் வேகத்தில் பேசும் அந்த உலகம் எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகாமலேயே தொடர்ந்து படித்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த மாத இறுதியில் இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்பியவர், பாதியில் விட்டுவந்த புத்தகங்களை அனுப்பும்படி மகளுக்கு எழுதினார். அந்தப் பட்டியலில் தஸ்தயேவ்ஸ்கி நாவலின் இரண்டாம் பாகமும் உண்டு. பிடிக்காத நூலை யாரும் அந்த நிலையில் கேட்டு அனுப்பமாட்டார்கள்.

தஸ்தயேவ்ஸ்கியும் இப்படித்தான். 1877இல் டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வுக்கு இணையாக ஐரோப்பாவில் ஏதுமில்லை என்று எழுதியவர், அதன் கடைசிப் பாகத்தில் போர் பற்றி முக்கியப் பாத்திரமான லெவின் சொல்வதைக் கடுமையாக எதிர்த்தார்.

நீங்கள் ‘மரண வீட்டின் குறிப்புகள்’ நூலைப் படியுங்கள். கைதிகள் குளியலறையில் நெருக்கியடித்துக் குளிக்கும் அத்தியாயத்தில் நிதானமாக நில்லுங்கள். காலில் விலங்கோடு, நீராவியில், ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதர்களை ஆசிரியர் மேலிருந்து பார்ப்பதே இல்லை. டால்ஸ்டாய் அந்தக் கடிதத்தில் வியந்ததும் நூலின் இந்தப் பார்வையைத்தான்.