கிரோமெட் வைத்த காதும் 260 வெள்ளி இயர் பிளக்கும்

கேள்வி: அண்ணா, நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். மகன் 2023 மார்ச்சில் பிறந்தவன், ஒரே பிள்ளை. சளி பிடித்தாலே காதுவலி வந்துவிடும். பல மாதங்களாகக் காதுக்குள் நீர் கட்டி நிற்கிறது, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம், அடுத்த மாதம் இரண்டு காதிலும் கிரோமெட், அதாவது காதுச் சவ்வில் பொருத்தும் சிறு குழாய், வைக்க நாள் குறித்துவிட்டார்கள். ஆனால் நீச்சல் வகுப்புக்கு ஏற்கெனவே 320 வெள்ளி கட்டியாயிற்று, திரும்பத் தரமாட்டார்களாம். வகுப்பில் பழக்கமான ஓர் அம்மா, காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் இயர் பிளக்கும் (காதடைப்பான்) அதைப் பிடித்து வைக்கும் தலைப்பட்டையும் இல்லாமல் தண்ணீரில் இறக்காதே என்கிறார். விசாரித்தால் இரண்டும் சேர்த்து 260 வெள்ளி! மாமியாரோ ஒரு வருடம் குளத்துப் பக்கமே போகக்கூடாது என்கிறார். காப்புறுதி முகவராக இருக்கும் தோழி, உடனே அவனுக்கு மருத்துவமனைத் திட்டம் எடு என்கிறாள். அரசாங்கமும் பங்கு போடும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் நாங்கள் இதுவரை போட்டது 1,500 வெள்ளிதான். எதற்குச் செலவு செய்வது, எந்தப் பணத்தை எடுப்பது?

பதில்: வணக்கம்மா. முதலில் அந்த 260 வெள்ளியை எடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை செய்யும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உங்கள் மகனுக்கு வேண்டும் என்று சொன்னால் அப்புறம் பார்க்கலாம், வகுப்பில் இன்னோர் அம்மா சொன்னார் என்பதற்காக வேண்டாம். நான் மருத்துவன் இல்லை, காதைப் பற்றிய முடிவு அவருடையது. ஆனால் இந்த இயர் பிளக் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க எண்கள் இருக்கின்றன, அதனால்தான் வாய் திறக்கிறேன்.

அமெரிக்காவில் 2005இல் ஓர் ஆய்வு வந்தது. கிரோமெட் வைத்த சுமார் 200 சிறு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குளிக்கும்போதும் நீந்தும்போதும் இயர் பிளக் போட்டார்கள், மறுபாதிக்குப் போடவில்லை. பிளக் போடாத பிள்ளைகளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.2 முறை காது வடிந்தது, போட்டவர்களுக்கு 0.84 முறை. வித்தியாசம் 0.36. அதாவது ஒரே ஒரு தடவை காது வடிவதைத் தவிர்க்க, ஒரு பிள்ளை கிட்டத்தட்ட 2.8 வருடம் விடாமல் பிளக் போட வேண்டும். வருடத்துக்கு 260 வெள்ளி என்று வைத்தால் (பிள்ளையின் காது வளர வளர அச்சு பொருந்தாது, மறுபடி செய்யத்தான் வேண்டியிருக்கும்), ஒரு தடவை காது வடிவதைத் தவிர்க்க நீங்கள் கொடுக்கும் விலை 700 வெள்ளிக்கு மேல். காது வடிந்தால் வழக்கமாகச் செய்வது என்ன? மருத்துவரிடம் காட்டி, ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து விடுவது. அதற்கு 700 வெள்ளி ஆகாது. இன்னொன்று, கிரோமெட் பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் தானாகவே விழுந்துவிடும். 2.8 வருடம் பிளக் போட்டு முடிப்பதற்குள் குழாயே இருக்காது.

இப்படி ஒரு காப்புறுதித் திட்டத்தை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், சந்தா அதிகம், இழப்பீடு சிறியது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அமெரிக்காவின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் சங்கமும் 2013இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், கிரோமெட் வைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாக இயர் பிளக், தலைப்பட்டை, நீச்சல் தடை என்று சொல்லத் தேவையில்லை என்றே எழுதியிருக்கிறது. குழாயின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். குளத்தின் மேல்மட்டத்தில் நீந்தும்போது சாதாரணத் தண்ணீர் அவ்வளவு சுலபமாக அதற்குள் நுழைவதில்லை. சோப்புத் தண்ணீர் வேறு, அது சுலபமாக உள்ளே இறங்கும். அதனால் நீச்சல் குளத்தைவிட வீட்டுக் குளியலறையில் தலைக்கு ஷாம்பு போடும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். அதற்கு வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டை போதும், சில காசு விஷயம்.

எப்போது பிளக் வாங்கலாம்? ஏற்கெனவே அடிக்கடி காது வடிந்தால், தண்ணீர் பட்டதும் பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், ஆழத்தில் முங்கி நீந்தினால், கடல், ஏரி, அருவி மாதிரி சுத்திகரிக்காத தண்ணீரில் இறங்கினால், உடலில் எதிர்ப்புசக்தி குறைவாக இருந்தால். மூன்று வயதுப் பையன் இடுப்பளவு குளத்தில் கால் உதறிப் பழகுவது இந்தக் கணக்கில் வராது. ஆனால் பள்ளி விடுமுறைக்கு ஜோகூர் பக்கம் அருவிக்குப் போகும் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போதும்கூட முதலில் மருந்துக் கடையில் கிடைக்கும் மெழுகு மாதிரியான சிலிக்கோன் பிளக்கை வாங்கிப் பாருங்கள், அச்சு எடுத்துச் செய்வதில் ஒரு சிறு பங்கு விலைதான். அதைக் காதுக்குள் திணிக்காமல் வெளித்துளையை மூடுகிற மாதிரி ஒட்ட வேண்டும். இந்த வயதில் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் போடுவதும் எடுப்பதும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். 200 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது மூன்றாவது வகுப்பிலேயே குளத்துச் சாக்கடைக் கம்பிக்குள் போனால் மனசு ஆறாது.

இன்னொரு விஷயம், இது பணக்கணக்கு இல்லை. காது கேட்காத பிள்ளைக்கு நன்றாகக் கேட்கட்டும் என்றுதானே குழாய் வைக்கிறீர்கள், உடனே அதே காதை அடைத்துவிட்டால் நீச்சல் ஆசிரியர் தண்ணீரில் சொல்வது அவனுக்கு எப்படிக் கேட்கும்? பாதுகாப்புக்கே அது முக்கியம் இல்லையா.

மாமியாரிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம், மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும் என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்வார். அந்தப் பதிலோடு நீச்சல் வகுப்புக்குப் போங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வார்கள், மருத்துவச் சான்றிதழைக் காட்டி வகுப்புகளை அடுத்த தவணைக்குத் தள்ளிவைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். 320 வெள்ளியைக் காப்பாற்ற இதுதான் வழி.

சரி, பெரிய பணத்துக்கு வருவோம். பலதுறை மருந்தகக் கடிதத்தோடு போனதால் மானிய நோயாளியாக இருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். யாராவது இன்ன மருத்துவர்தான் கைராசிக்காரர், அவரைக் கேள் என்பார்கள். பெயர் சொல்லி மருத்துவரைத் தேர்ந்தெடுத்தால் தனியார் நோயாளிக் கட்டணம், பில் வேறு மாதிரி ஆகிவிடும். மருத்துவமனையில் செலவு மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதில் மூன்று விஷயம் பாருங்கள். மயக்க மருந்துக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா? சிகிச்சைக்குப் பிறகான செவித்திறன் பரிசோதனையும் அந்தத் தொகையில் அடங்குமா, தனியா? கிரோமெட் மட்டும் என்றால் சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அடினாய்டும் சேர்ந்தால் தொகை ஏறும்.

மகன் சிங்கப்பூரர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பிள்ளை மேம்பாட்டுக் கணக்கைத் திறந்ததும் அரசாங்கம் 5,000 வெள்ளி போடும். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வெள்ளி, முதல் பிள்ளை என்றால் 4,000 வரை. நீங்கள் 1,500 போட்டிருக்கிறீர்கள், 1,500 வந்திருக்கும், இன்னும் 2,500 வெள்ளி உங்களுக்காகக் காத்திருக்கிறது. மருத்துவமனை பில்லை வங்கி அட்டையில் நேராகக் கட்டாமல், அந்தத் தொகையை இப்போதே இந்தக் கணக்கில் போட்டு அங்கிருந்து கட்டுங்கள். அரசாங்கத்தின் பங்கு அன்றைக்கே வந்துவிடாது, ஆகவே அடுத்த மாதம் சிகிச்சை என்றால் இந்த வாரமே போடுவது நல்லது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இதனால் சிகிச்சை பாதி விலைக்குக் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவனுக்குப் 12 வயதாகும் வருடக் கடைசிக்குள், அதாவது 2035 டிசம்பருக்குள், எப்போது போட்டாலும் அந்த 2,500 கிடைக்கத்தான் போகிறது. பலர் பாலர் பள்ளிக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிக்கொண்டு, இந்தக் கணக்கை மறந்தே போய்விடுவார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மெடிசேவை, அதாவது மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் கணக்கை, எடுக்கலாமா என்றால், எடுக்கலாம், அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கு வரம்புக்குள் அனுமதி உண்டு. மகனின் பெயரிலேயே பிறந்தபோது கிடைத்த 4,000 வெள்ளி மானியம் இருக்கும், அதிலிருந்து அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் சந்தா போய்க்கொண்டிருக்கும். ஆனால் என் விருப்பம் வேறு. மெடிசேவுக்கு இப்போது 4 சதவீத வட்டி, பிள்ளை மேம்பாட்டுக் கணக்கின் வட்டி அதைவிடக் குறைவு. குறைந்த வட்டிப் பணத்தை முதலில் செலவழியுங்கள். கணக்கில் போதாமல் போனால் மிச்சத்துக்கு மட்டும் மெடிசேவ். அப்புறம், சாதாரண வெளிநோயாளிச் சந்திப்புகளுக்கும் சொட்டு மருந்துக்கும் மெடிசேவ் பெரும்பாலும் உதவாது, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, மருந்தகங்களில் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு உதவும். நீச்சல் வகுப்புக்கு அந்தக் கணக்கைத் தொட முடியாது, அது கைக்காசுதான். மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்கும் என்று ரொம்ப நம்பாதீர்கள், முதலில் நாமே கட்ட வேண்டிய கழிவுத்தொகையைத் தாண்டிய பில்லுக்குத்தான் அது வேலை செய்யும், மானியத்துக்குப் பிறகான சிறு அறுவை சிகிச்சை அந்த அளவுக்குப் போவது அரிது. சில பிள்ளைகளுக்குக் குழாய் விழுந்தபின் மறுபடி நீர் கட்டி இரண்டாம் முறை வைக்க வேண்டி வரும், ஆகவே கணக்கை இந்தத் தடவையே துடைத்து எடுத்துவிடாதீர்கள்.

சிகிச்சை நாளுக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துவிடாதீர்கள். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட சிங்கப்பூர்ப் பிள்ளையின் பெற்றோர், வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால், ஆளுக்கு வருடத்துக்கு ஆறு நாள் சம்பளத்தோடு பிள்ளை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். கணவருக்கும் ஆறு நாள் உண்டு, அவரையும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் நிறுவனத்தில் குடும்பத்தாருக்கான மருத்துவச் சலுகை இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவைக்கட்டும்.

கடைசியாக உங்கள் தோழி. பிள்ளைக்கு மருத்துவமனைத் திட்டம் (மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் நிறுவனம் தரும் கூடுதல் காப்பு) எடுப்பது தப்பில்லை, மெடிசேவிலிருந்தே வருடத்துக்கு 300 வெள்ளி வரை அந்தக் கூடுதல் சந்தாவுக்குக் கட்டலாம், அதோடு இணைக்கும் ரைடர் என்னும் துணைத் திட்டத்துக்கு மட்டும் கைக்காசு. ஆனால் இந்தச் சிகிச்சைக்காக அவசரப்பட்டு எடுப்பதில் பயனில்லை. காதில் நீர் கட்டியது மருத்துவப் பதிவில் ஏறிவிட்டது, புதிதாக எடுக்கும் தனியார் பகுதியில் காது சம்பந்தப்பட்டதை விலக்கிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து, செவித்திறன் பரிசோதனை நன்றாக வந்தபிறகு விண்ணப்பித்து, அந்த விலக்கை எப்போது மறுபரிசீலனை செய்வார்கள் என்று காப்புறுதி நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் தோழி, "சின்ன விஷயம்தானே, விண்ணப்பத்தில் காதைப் பற்றி எழுத வேண்டாம்" என்று சொன்னால், திட்டத்தை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால் காதுக்கு மட்டுமல்ல, முழுத் திட்டத்துக்கும் கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.